பாப்பாவின் டேப்லெட்டும் பாய்லர்காரன் பயமும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். ஆகவே நலம். அங்கு உங்கள் நலமும் அக்காவின் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். நலம் விசாரித்து முடிந்துவிட்டதால் இனி உண்மையை எழுதுகிறேன். எனக்குக் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அக்காவிடம் சொல்லலாம், பிள்ளைகளிடம் வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டிலிருக்கும் போனும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன மச்சான். அதில் ஒன்று நடந்தால் இது என் சட்டைப்பையில் துடிக்கிறது. இதில் நான் பேசுவதை அது கேட்காது என்று என்ன நிச்சயம்? காகிதத்துக்குக் காது இல்லை, அதனால் கடிதம். விஷயம் இதுதான். வரும் திங்கட்கிழமை காலை என்னையும் பாப்பாவையும் தலைமையாசிரியை வரச் சொல்லியிருக்கிறார். பாப்பாவை இந்த வருஷம் பரீட்சை எழுத விடுவார்களா, மாட்டார்களா என்பது அன்று தெரிந்துவிடும். விடாமல் போனால் அதற்குக் காரணம் நான், உங்கள் தங்கை, உங்கள் அப்பா, இன்னும் ஒருவர். அந்த இன்னும் ஒருவர் நீங்கள்தான். பதறாமல் மேலே படியுங்கள்.

டேப்லெட் கொடுத்த நாளிலிருந்து சொன்னால்தான் புரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்குத் திருப்புதல் செய்வதற்காக ஆளுக்கு ஒன்று தருகிறோம் என்று பெற்றோரையெல்லாம் பள்ளிக்கூடத்து அரங்கத்துக்கு வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை மேடையேறிப் பேசினார். அவர் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். கத்துகிறவர்களோடு குப்பை கொட்டி எனக்குப் பழக்கம் உண்டு, மெதுவாகப் பேசுகிறவர்கள் முன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்த டேப்லெட் தினமும் பாடத்திலிருந்து கேள்வி கேட்கும், பிள்ளை சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும், எதில் பலவீனமோ அதிலேயே போட்டு வறுத்தெடுக்கும், அதையெல்லாம் வகுப்பு டீச்சர் தன் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்வார் என்று விளக்கினார். திரையின் மேல் மூலையில் ஒரு வளையம் இருக்கும். அன்றைய பயிற்சியை முடித்தால் பச்சை, தாமதமானால் மஞ்சள், செய்யாமல் விட்டால் சிவப்பு. கடைசியில் அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "இது பிள்ளைங்க படிக்கறதுக்கு. வேற யார் கை பட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும். அப்படிப் பட்டிருந்தா பரீட்சை அனுமதிச் சீட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அத்தனை பேர் இருந்த அரங்கத்தில் அவர் என்னை மட்டும் பார்த்த மாதிரி இருந்தது. நான் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் நான் பாய்லர் பார்க்கிறவன். பிரஷர் மீட்டரில் முள் பச்சையில் நின்றால் நான் உட்காரலாம். மஞ்சளுக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் இது யார் ஷிஃப்ட், யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, கிட்டே இருக்கிறவன் உடனே கை வைக்க வேண்டும். விசாரித்துக்கொண்டு நின்றால் கூரை மேலே போய்விடும். இப்படியே பழகி என் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம் இது. பள்ளிக்கூடக்காரர்கள் அந்த வளையத்துக்கு நீலம், ஊதா என்று வேறு ஏதாவது வைத்திருந்தால் இந்தக் குடும்பம் தப்பித்திருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

டேப்லெட் வந்த கொஞ்ச நாளிலேயே பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கண்ணைத் திறக்க முடியாமல் சுருண்டு படுத்துவிட்டாள். மேசைமேல் டேப்லெட் மஞ்சளுக்கு வந்தது. பொறுத்துக்கொண்டேன். பிறகு சிவந்தது. அதே நேரத்தில் என் போனிலும் "உங்கள் பிள்ளை இன்று பயிற்சி செய்யவில்லை" என்று வந்து விழுந்தது. நான் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்து பார்த்தேன், துண்டை எடுத்து அதன்மேல் போட்டும் பார்த்தேன், துண்டுக்குள்ளிருந்தும் சிவப்பு தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் பாப்பாவைத் தொட்டு, "இது செவந்துபோச்சும்மா" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "நீங்களே எதையாவது அமுக்கி விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அமுக்கினேன் மச்சான். அதுதான் தொடக்கம்.

முதல் கேள்வியே என் தொழிலிலிருந்து வந்தது. நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று கேட்டு நாலு விடை கொடுத்திருந்தது. எந்தத் தண்ணீர், திறந்த பாத்திரமா மூடின பாய்லரா, பிரஷர் எவ்வளவு, ஒன்றும் சொல்லவில்லை. நூறு என்று ஒரு விடை இருந்தது. எங்கள் பாய்லரிடம் போய் நூறில் கொதி என்று சொன்னால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தொட்டேன். தவறு என்றது. அடுத்த கேள்வி, ஆய்வகத்தில் சூடான குடுவை விரிசல் விட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது. ஆசிரியரிடம் சொல்வது, குறிப்பெடுப்பது என்றெல்லாம் போட்டிருந்தது. வால்வை மூடிவிட்டு ஓடு என்ற சரியான விடையைத் தேடித் தேடிப் பார்த்தேன், அது அந்த நாலில் இல்லவே இல்லை. எல்லாம் தவறாகப் போனாலும் கடைசியில் "முயற்சி நன்று, தோழி" என்று எழுதிக் காட்டிவிட்டு வளையம் பச்சைக்கு வந்தது. பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

காய்ச்சல் விட்ட பிறகு பாப்பா எடுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பள்ளியிலிருந்து வந்ததும் டேப்லெட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய அச்சுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். கேட்டால், "உங்ககிட்டயே இருக்கட்டும்பா, அப்புறம் பாத்துக்கறேன்" என்கிறாள். பரீட்சையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் மாடியில் காற்று வாங்குகிறாளே என்று எனக்குள் புலம்பிக்கொள்வேன். முன்பெல்லாம் நிமிஷத்துக்கொரு தடவை அவள் அறைக் கதவைத் திறந்து எந்தப் பாடம், எத்தனை பக்கம், மனசில் நின்றதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போகலாம் என்றால் அதற்கும் நேரம் கிடைப்பதில்லை. நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் வளையம் மஞ்சளாகிவிடுகிறது.

கொஞ்ச நாளில் வகுப்பு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. தங்கள் மகளின் அடிப்படையை உறுதிப்படுத்துவதற்காகக் கீழ் வகுப்புப் பாடங்கள் தரப்படுகின்றன என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தால் ஒரு பூனையின் படம். இது எங்கே வாழும் என்று கேட்டது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் வெட்கம் ஏறியது. இருந்தாலும் பதில் தெரிந்தது, போட்டேன். மஞ்சள் நட்சத்திரங்கள் பறந்து "சபாஷ்" என்று வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன மச்சான், சந்தோஷமாக இருந்தது. சலவைக்கூடத்தில் இத்தனை வருஷத்தில் என்னை ஒருத்தரும் சபாஷ் என்று சொன்னதில்லை. பாய்லர் வெடித்தால்தான் பாய்லர்காரன் ஞாபகம் வரும், வெடிக்காத நாளை யார் கவனிக்கிறார்கள். நட்சத்திரம் மறைந்ததும் சந்தோஷமும் மறைந்து, என் பெண்ணைப் பூனை வகுப்புக்குத் தள்ளிவிட்டேனே என்று பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி தனியாளாகச் சமாளிக்க முடியாது என்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன்.

உங்கள் தங்கை கணக்கில் புலி என்பது ஊரறிந்தது. எந்த உடம்பையும் ஒரு பார்வை பார்த்தே துணி எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறவள். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பரப்பளவுக் கேள்விகளையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போட்டாள். முறையெல்லாம் சரி, விடை மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதல். ஏன் என்று பார்த்தால், செவ்வகமோ வட்டமோ எது கொடுத்தாலும் நாலு பக்கமும் தையலுக்கு விட்டுத்தான் கணக்குப் போடுகிறாள். அதெல்லாம் வேண்டாம், பாடத்தில் இருக்கிற அளவு மட்டும் போதும் என்று சொன்னதற்கு, அப்படி வெட்டினால் துணி பத்தாது, அப்புறம் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். இரண்டு நாளில் வகுப்பு டீச்சர் போன் செய்து, "உங்க பொண்ணு எல்லா விடையிலயும் கொஞ்சம் கூட்டியே போடறாளே, ஏன்?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. உங்கள் தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "வளர்ற புள்ள இல்லைங்களா டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் அப்பாவை நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். காலமெல்லாம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர், வரலாறும் குடிமையியலும் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் வைத்திருக்கிறார்கள். அவரோ நாலு விடையையும் சத்தமாகப் படித்து, ஒவ்வொன்றின் தரப்பிலும் என்ன சொல்ல முடியும் என்று யோசித்து, எதிர்த்தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையில்லை என்று நிறுத்துவார். அதற்குள் நேரம் முடிந்து அடுத்த கேள்வி வந்துவிடும். இது அநியாயம், வாய்தா கேட்க வழியே இல்லையே என்று டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு போரில் தோற்ற மன்னன் ஏன் தோற்றான் என்ற கேள்விக்கு மட்டும் விடையைத் தொட்டார், அதுவும் அந்த மன்னன் செய்திருக்க வேண்டியதைத் தொட்டார். நடந்ததைத்தான் கேட்கிறார்கள் மாமா என்றேன். நடந்ததில் நியாயம் இல்லை என்றார். உங்கள் அப்பாவிடம் மேற்கொண்டு என்ன பேச முடியும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஞாபகம் இருக்கும். பாப்பாவைப் பார்க்க வந்த இடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, இது என்ன பொம்மை என்று கையில் வாங்கி, இலக்கணப் பகுதியைத் திறந்து ஒன்று விடாமல் சரியாகப் போட்டீர்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று கை தட்டினோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தனை பச்சை. நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அறிவியலில் பூனைப் படம், கணக்கில் தையல்காரி, வரலாற்றில் தீர்ப்பே சொல்லாத நீதிபதி, இலக்கணத்தில் மட்டும் அலுவலக மேலாளர். இப்படி ஒரு பெண் உலகத்தில் இருக்க முடியுமா? பார்க்கிற டீச்சர் என்ன நினைப்பார்? அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயம் வந்துவிட்டால் எனக்குப் புத்தி வேலை செய்வதில்லை. டேப்லெட்டின் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கேமரா இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாளும் அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்குமோ என்று நினைத்ததும் உடம்பு சில்லிட்டது. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். உடனே போன் துடித்தது. கேமரா மறைக்கப்பட்டுள்ளது, துடைத்துச் சுத்தம் செய்யவும் என்று வந்திருந்தது. பதறிப்போய்ப் பிளாஸ்திரியை உரித்துவிட்டு, பிசுக்கு போகக் கிட்டே குனிந்து ஊதித் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து டேப்லெட் "கிளிக்" என்றது. என் மூக்கு இப்போது தலைமையாசிரியையின் மேசையில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து பள்ளிக்கூட வழியாக நடப்பதையே விட்டுவிட்டேன், மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

இப்போது திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். காரணம் ஒன்றும் எழுதவில்லை, "மாணவியுடன் நேரில் வரவும்" என்று மட்டும். காரணம் எழுதாத கடிதத்தைப் போலப் பயங்கரமானது ஒன்றுமில்லை மச்சான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாய்லர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முள்ளைப் பார்க்கிறேன், கண்ணில் பாப்பாதான் தெரிகிறாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேலே போய்விட, இவள் மட்டும் ஒரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அவள் திட்டமாட்டாள். எதிரே உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நேற்று மாலை வீட்டில் ஒத்திகை பார்த்தோம். உங்கள் அப்பா தலைமையாசிரியையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னை முதல் சாட்சியாகக் கூப்பிட்டு, டேப்லெட்டைத் தொட்டீரா என்று கேட்டார். தொடவில்லை என்றேன். அப்படியானால் வளையம் எப்படிப் பச்சையானது என்றார். தானாகத்தான் என்றேன். உங்கள் தங்கை முதலில் சிரித்தாள், பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைக் கூப்பிட்டால் இன்னும் மோசம். கேள்வி கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள், உங்கள் இலக்கணம் உள்பட. டேப்லெட் தவறி எங்கள் சலவை இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம் என்று உங்கள் அப்பா என்னை எச்சரித்துவிட்டு, தானும் இந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் என்பதால் நீதிபதியாக இருக்க முடியாது என்று நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்கி வந்த பாப்பா, எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நான் பாத்துக்கறேன்பா. நீங்க எல்லாரும் டீ போட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே போய்விட்டாள். அவள் அவ்வளவு நிதானமாக இருப்பதைப் பார்த்து எனக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. எதையும் படிக்காத பிள்ளைதான் இப்படி நிதானமாக இருக்கும்.

இன்று நான் லீவு போட்டுவிட்டேன். கை நடுங்குகிறவன் பாய்லர் பக்கம் போகக் கூடாது. உங்கள் தங்கையின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாப்பா காலையில் டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஏன் கொண்டுபோகிறாய் என்று கேட்டேன், பதில் சொல்லாமல் சிரித்தாள். வழக்கமாக அவள் வருகிற பஸ் தெருமுனையில் நின்று போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. எதிரே சைக்கிள் கடைக்காரர் கடையடைக்கச் சாமான்களை உள்ளே எடுத்து வைக்கிறார். திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவளைத் தனியாக உட்காரவைத்து விசாரிக்கிறார்களோ என்னவோ. குழந்தை அந்த மெதுவான குரலுக்கு முன்னால் ஒற்றை ஆளாக நிற்கிறாளே. நானல்லவா மச்சான் அங்கே நின்றிருக்க வேண்டும். நான் இங்கே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் எப்படியாவது கிளம்பி வந்துவிட வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். உங்கள் அலுவலகத்தில் மற்றவர்களை நடுங்க வைக்க ஒரு "பார்ப்போம்" சொல்வீர்களே, அதைத் தலைமையாசிரியையிடம் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். குற்றம் முழுவதும் என்னுடையது, தண்டனையை எனக்கே கொடுங்கள், அபராதமோ வேறு எதுவோ நான் கட்டிக்கொள்கிறேன், பிள்ளையை மட்டும் எழுத விடுங்கள் என்று நான் சொல்லிவிடுவேன். குரல் வராமல் போனால் நீங்கள் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தலைமையாசிரியை பேச்சுவாக்கில் இலக்கணம் எதையாவது கேட்டால் உடனே சரியாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் தடுமாறுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், தங்கள் கையாலேயே படிக்கட்டும். உங்கள் அப்பா உங்களுக்கு ஆசி கூறுகிறார். உங்கள் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மச்சான், நீங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது தலைமையாசிரியையே போன் செய்துவிட்டார். பாப்பா இன்று தானாக அவர் அறைக்குப் போய் டேப்லெட்டை மேசைமேல் வைத்து, இதில் நான் ஒன்றுமே செய்யவில்லை, என்னை இப்போதே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் வகுப்பு டீச்சரும் எதிரே உட்கார்ந்து எல்லாப் பாடத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அத்தனையும் சொன்னாளாம். மாடியில் அவள் காற்று வாங்கவில்லை, புத்தகம் முழுவதையும் முடித்து இரண்டாம் தடவை போய்க்கொண்டிருக்கிறாள். பிறகு ஏன் டேப்லெட்டை வீட்டில் கொடுத்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதைத் தலைமையாசிரியை அப்படியே என்னிடம் சொன்னார். "பரீட்சை எனக்குத்தான் மேடம், ஆனா பயமெல்லாம் எங்கப்பாவுக்கு. அவர் கையில ஏதாவது குடுத்தாத்தான் என்னைப் படிக்க விடுவார்." அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். திங்கட்கிழமை நாங்கள் வர வேண்டியதில்லை, குறிப்பாக நான் வர வேண்டியதில்லை என்று அதே மெதுவான குரலில் சொன்னார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடப் பார்த்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை அழிக்கக் கூடாது என்று உங்கள் அப்பா விடவில்லை. ஆகவே முழுவதையும் அனுப்புகிறேன்.

பாப்பா வந்துவிட்டாள். டேப்லெட்டைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார்களாம். சாப்பிடும்போது நான் மெதுவாக, "நான் உனக்கு அவ்வளவு தொந்தரவாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா. நீங்க பயப்படறதப் பாத்தா எனக்கும் பயம் வந்துடுது. அதான்" என்றாள். அவள் கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகவில்லை. பரீட்சை முடிகிறவரை இந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்களும் போன் செய்து அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் மச்சான். எனக்கு அடிக்கடி கடிதம் எழுதுங்கள். மழையைப் பற்றியோ, உங்கள் அலுவலகத்தைப் பற்றியோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள், நிறையக் கேள்விகள் கேட்டு எழுதுங்கள். உட்கார்ந்து பதில் எழுத எனக்கு ஏதாவது வேண்டும்.